மணிக்கயிற்றில் கோத்த மோர்ஸ் குறிகளை எழுத்தாக்குவது எப்படி?

நெய்தல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

என் தந்தை சரக்குக் கப்பல்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ரேடியோ அதிகாரியாகப் பணியாற்றியவர். அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் ஊரிலுள்ள பழைய வீட்டைக் காலி செய்தபோது, என் ஆச்சியின், அதாவது அப்பாவைப் பெற்றவரின், டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவை ஒன்றின் மடிப்புக்குள் ஒரு மணிக்கயிறு கிடைத்தது. மெழுகு தடவிய கறுப்பு நூலில் எட்டு மணிகள் கோக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டு மிளகு அளவிலான உருண்டைகள். மற்ற ஆறும் சிறு குழாய்த் துண்டுகளைப் போல நீண்டவை. நூலின் ஒரு முனையில் சிப்பிப் பொத்தானும் மறுமுனையில் அது நுழைவதற்கான கண்ணியும் உள்ளன. அப்பாவின் தொழிலை வைத்துப் பார்த்தால் இது மோர்ஸ் குறியாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

உருண்டையைப் புள்ளியாகவும் நீள மணியைக் கோடாகவும் கொண்டு, பொத்தான் இருக்கும் முனையிலிருந்து படித்தால் பின்வருமாறு வருகிறது:

– · – – – – – ·

மோர்ஸ் குறியை எழுத்தாக மாற்றித் தரும் இணையதளம் ஒன்றில் இதை இட்டபோது, இப்படி ஓர் எழுத்தே இல்லை என்று விடை வந்தது. அட்டவணையை வைத்துக்கொண்டு நானே வெட்டிப் பார்த்தேன். முதல் மூன்று மணிகள் கே. மீதி ஐந்தும் எண் 9. 'கே நைன்' என்றால் ஆங்கிலத்தில் நாயைக் குறிக்கும் சொல்லின் ஒலி என்பதால், அப்பா ஆச்சி வீட்டு நாய்க்குக் கழுத்துப்பட்டை செய்திருக்கிறார் என்று என் தம்பி ஒரு வாரமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான். ஆச்சி நாய் வளர்த்ததே இல்லை.

இரண்டாவதாக, இந்தக் கயிற்றைச் சட்டமிட்டு மாட்டி, அதன் கீழே குறுக்குத் தையலில் ஒரு தமிழ்ச் சொல்லை மோர்ஸ் குறியாகத் தைக்க விரும்புகிறேன். தமிழ் எழுத்துகளுக்கென்று மோர்ஸ் அட்டவணை உள்ளதா, இல்லையெனில் எவ்வாறு எழுதுவது என்பதையும் தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.

நிரல்நெசவாளர் (பதில்)

வணக்கம். அந்த இணையதளத்தின் மீது தவறில்லை. அது எட்டு மணிகளையும் ஒரே எழுத்தாக எண்ணித் தேடியிருக்கிறது. எட்டுக் குறிகள் கொண்ட எழுத்து எந்த அட்டவணையிலும் கிடையாது. நீங்கள் கொடுக்காமல் விட்டது இடைவெளி.

மோர்ஸ் குறி என்றால் புள்ளியும் கோடும் மட்டுமே என்றுதான் பெரும்பாலோர் எண்ணுகிறோம். உண்மையில் அதில் ஐந்து உறுப்புகள் உள்ளன. ஒரு புள்ளியின் நேரத்தை ஓர் அலகு என்று கொண்டால், கோடு மூன்று அலகு. ஒரே எழுத்துக்குள் அடுத்தடுத்த குறிகளுக்கு இடையே ஓர் அலகு மௌனம். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே மூன்று அலகு. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஏழு அலகு. வேகத்தை அளப்பதற்கு 'பாரிஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதும் இதனால்தான்: ஆங்கில எழுத்துகளில் அந்தச் சொல்லும் அதன் பின்வரும் சொல் இடைவெளியும் சேர்ந்து சரியாக 50 அலகு ஆகின்றன. நிமிடத்துக்கு 20 சொல் என்றால் 1,000 அலகு, அதாவது ஒரு புள்ளிக்கு 60 மில்லி விநாடி. ஐந்து உறுப்புகளில் மூன்று மௌனங்கள் என்பதைக் கவனியுங்கள். மணியைக் கோத்தவர் அந்த மூன்றையும் எங்கேனும் பதிந்திருக்க வேண்டும். பதியாவிட்டால் கயிற்றில் பாதிச் செய்திதான் இருக்கிறது.

மௌனத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த எஸ்ஓஎஸ் குறியையே பாருங்கள். · · · – – – · · · என்பதை மூன்று எழுத்தாக வெட்டினால் எஸ், ஓ, எஸ். முதல் நான்கையும் பின் ஐந்தையும் தனித்தனியே எடுத்தால் வி, 7. வேறொரு வகையில் வெட்டினால் ஐ, ஜே, எஸ். நியாயமாகப் பார்த்தால் அந்த ஆபத்துக் குறியில் எழுத்து இடைவெளியே கிடையாது. 1906இல் பெர்லின் மாநாட்டில் ஏற்கப்பட்டு 1908இல் நடைமுறைக்கு வந்த அது, ஒன்பது குறிகளும் ஒட்டிய ஒரே அடையாளம். மூன்று எழுத்தாகச் சொல்வது நம் நினைவு வசதிக்காக மட்டுமே.

உங்கள் கயிற்றுக்கு வருகிறேன். எண்களை விட்டுவிட்டு, ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை மட்டும் கொண்டு இந்த எட்டு மணிகளை எத்தனை வகையாக வெட்டலாம் என்று கணக்கிட்டேன். நிரல் எழுதவே தேவையில்லை, தாளிலேயே போடலாம். ஒவ்வொரு மணியாக முன்னேறி, அந்த மணி வரையில் எத்தனை வழிகள் என்று குறித்துக்கொண்டே போனால் 1, 2, 4, 8, 15, 27, 50, 92 என்று வளர்கிறது. ஆகவே 92 வாசிப்புகள் உள்ளன; நீங்கள் கண்ட கே 9 போல எண் கலந்தவை இதில் சேரவில்லை. கயிற்றை மறுமுனையிலிருந்து படித்தால் வரிசை 1, 2, 4, 8, 14, 26, 48, 96 என்று மாறுகிறது. இரண்டு திசைக்கும் சேர்த்து 188. இவற்றுள் எது சரி என்பதை எந்த இணையதளத்தாலும் சொல்ல முடியாது. ஆகவே மணிகளை மட்டும் பார்க்காமல், அவற்றுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு சிறு கூடுதல் தகவல். 1844இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே ஓடிய பழைய அமெரிக்கக் குறியில் சில எழுத்துகளுக்கு உள்ளேயே இடைவெளி உண்டு. எடுத்துக்காட்டாக, அதில் ஓ என்பது சற்றே விலகி நிற்கும் இரண்டு புள்ளிகள். நெருங்கி நின்றால் அதே இரண்டு புள்ளிகள் ஐ ஆகிவிடும். 1848இல் கெர்க்கே என்ற ஜெர்மானியர் இந்தக் குழப்பத்தை நீக்கித் திருத்திய வடிவமே பின்னர் உலகப் பொதுவானது. உங்கள் தந்தை கப்பலில் பணியாற்றியவர் என்பதால் பின்னதையே கொள்ளலாம்.

ஸ்பார்க்ஸ்_ஓய்வு (பதில்)

அன்புள்ள மகளுக்கு வணக்கம். நானும் உங்கள் தந்தையின் தொழிலைச் செய்தவன். கப்பலில் ரேடியோ அதிகாரியைப் பெயர் சொல்லி அழைப்பவர் குறைவு. எல்லோருக்கும் நாங்கள் 'ஸ்பார்க்ஸ்'தான். அந்தப் பெயரையே இங்கும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி நிரல்நெசவாளர் சொன்ன கணக்கு சரியானதே. ஆனால், தொழிலில் இருந்தவர்கள் மோர்ஸ் குறியைப் புள்ளியாகவும் கோடாகவும் காண்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு அது ஒலி. புள்ளி 'டி', கோடு 'டா'. ஏ என்ற எழுத்து எங்களுக்கு 'டிடா'. அதை ஒரு புள்ளி, ஒரு கோடு என்று பிரித்து எண்ணிக்கொண்டிருந்தால் நிமிடத்துக்கு ஐந்து சொல்லைக்கூடப் பிடிக்க முடியாது. காதில் விழும் ஒலியைக் கை நேராக எழுத்தாகவே தாளில் எழுதும். நடுவில் புள்ளிகளை எழுதிவைத்துப் பிறகு பெயர்க்கும் வேலையே இல்லை. அதனால், ஒரு ரேடியோ அதிகாரி புள்ளியையும் கோட்டையும் மணியாகக் கோத்திருந்தால், அது தமக்காகவோ தொழில் நண்பருக்காகவோ செய்ததாக இராது. மோர்ஸ் தெரியாத ஒருவருக்குக் கொடுக்கவே செய்திருப்பார்.

இனித் திசையைப் பார்ப்போம். கயிற்று வேலை தெரிந்தவர்கள் முதலில் கண்ணியை மடித்துக் கட்டிக்கொண்டு, அங்கிருந்து கோத்துச் சென்று, கடைசியில் பொத்தானைக் கட்டி முடிப்பார்கள். பொத்தானிலிருந்து தொடங்கினால் நூலை இழுத்துச் சரி செய்ய வழியில்லை. ஆகவே நீங்கள் வாலிலிருந்து தலைக்குப் படித்திருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். கண்ணியிலிருந்து படித்தால் வருவது இது:

· – – – – – · –

திசை மாறினால் எழுத்து மாறிவிடும் என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே விளையாட்டாகக் கற்றுக்கொள்வோம். ஏ திரும்பினால் என் ஆகும். எஃப் திரும்பினால் எல். ஜி திரும்பினால் டபிள்யூ. க்யூ திரும்பினால் ஒய். எம், ஓ, எஸ், கே, ஆர் முதலிய பதினோர் எழுத்துகள் எப்படித் திருப்பினாலும் மாறுவதில்லை. சி, ஜே, இசட் மூன்றையும் திருப்பினால் ஆங்கில எழுத்து எதுவுமே கிடைப்பதில்லை.

உங்கள் எட்டு மணிகளைக் கண்ணிப் பக்கத்திலிருந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது, எனக்கு ஒரு வாசிப்பு சட்டென்று காதில் விழுந்தது. இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் உங்கள் கண்ணும் அதையே தேடும். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மணிகளுக்கு நடுவில் நூலைப் பாருங்கள். எங்கேனும் முடிச்சு இருக்கிறதா, எந்தெந்த மணிகளுக்கு இடையில் இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். மௌனத்தின் மதிப்பை அறிந்த தொழிலில் இருந்தவர் அதை விட்டிருக்க மாட்டார். எங்கள் ரேடியோ அறைக் கடிகாரத்திலேயே மௌனத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்: மணிக்கு இரண்டு முறை, 15ஆம் நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமும் 45ஆம் நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமும் சிவப்பாக வரையப்பட்டிருக்கும். அந்த ஆறு நிமிடங்களில், ஆபத்து அழைப்புகளுக்குரிய 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் யாரும் விசையைத் தொடக் கூடாது. எங்கேனும் மெலிதாக ஒரு கப்பல் உதவி கேட்கிறதா என்று எல்லோரும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 1999 பிப்ரவரி முதல் நாளிலிருந்து செயற்கைக்கோள் வழியான புதிய ஆபத்துதவி முறை முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் அந்தக் கடிகாரங்கள் சுவரிலிருந்து இறங்கின. கூடவே நாங்களும் இறங்கினோம்.

தமிழ் பற்றிய உங்கள் கேள்விக்கு என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். கப்பல்களோடு தொடர்புகொள்ளும் கரை நிலையமான மெட்ராஸ் ரேடியோவின் அழைப்புக் குறி விடபிள்யூஎம். அதன் வழியாக வீட்டுக்குச் செய்தி அனுப்பும்போது தமிழையும் ஆங்கில எழுத்தில்தான் எழுதிக் கொடுப்போம். சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்ததால் இரண்டு சொல்லைச் சேர்த்து ஒன்றாக எழுதும் தந்திரமும் எங்களுக்குத் தெரியும்.

எழுத்துக்கூட்டி (பதில்)

மணிக்கயிற்றைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் இரண்டாவது கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

தமிழுக்கென்று அனைத்துலக அளவில் ஏற்கப்பட்ட மோர்ஸ் அட்டவணை இல்லை. ஆகையால் இரண்டு வழிகளே உள்ளன: ரோமன் எழுத்தில் தமிழை எழுதி அதை மோர்ஸ் ஆக்குவது, அல்லது நாமே ஓர் அட்டவணையை வகுத்துக்கொள்வது.

முதல் வழி எளிது. அனுப்புவதற்கு எந்தச் சிக்கலும் இல்லை. திரும்பத் தமிழாக்கும்போதுதான் இடிக்கும். · · · – / · – / · – · · / · · என்ற நான்கு எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: வி, ஏ, எல், ஐ. இதைப் பெறுபவர் 'வலி' என்று படிக்கலாம், 'வளி' என்று படிக்கலாம், 'வாலி' என்றும் 'வாளி' என்றும் படிக்கலாம். உடம்புக்கு முடியாதவர் அனுப்பினாரா, கிணற்றடியில் நிற்பவர் அனுப்பினாரா என்று சூழலைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். 'பள்ளி'யும் 'பல்லி'யும் அவ்வாறே. நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டித்து எழுதுவது, ழகரத்துக்கு இசட், ஹெச் இரண்டையும் சேர்ப்பது என்று சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். லகர ளகரமும் மூன்று 'ன'க்களும் மீதிப் பாதி.

இரண்டாம் வழியில் எனக்கு ஆர்வம் அதிகம், ஏனெனில் கணக்கு மிக அழகாக வருகிறது. 247 எழுத்துக்கும் தனித்தனிக் குறி வேண்டுமே என்று பலர் முதலிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. உயிர்மெய் என்பதே மெய்யும் உயிரும் சேர்ந்தது. 'கி' என்பதை க், இ என்று இரண்டு குறியாக அனுப்பினால் போதும். அப்படியானால் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், மொத்தம் 31. இனி மோர்ஸ் பக்கம் எண்ணுங்கள். ஒரு குறியால் ஆனவை 2, இரண்டு குறியால் 4, மூன்றால் 8, நான்கால் 16, கூட்டினால் 30. உயிரும் மெய்யும் அந்த 30 இடங்களில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அமர்ந்துவிடுகின்றன. ஆய்தம் மட்டும் வெளியே நின்று ஐந்து குறி கேட்கிறது. எப்போதாவது வருகிற எழுத்துக்கு அது நியாயம்தான். ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகளையும் ஆய்தத்தோடு ஐந்து குறி வரிசையில் வைத்துவிடலாம்.

ஆங்கிலம் அந்த 30இல் 26ஐத்தான் பயன்படுத்துகிறது. விடுபட்ட நான்கு: · · – –, · – · –, – – – ·, – – – –. ரஷ்ய மொழி இந்த நான்கையும் தன் எழுத்துகளுக்கு எடுத்துக்கொண்டது. கடைசிக் குறி அங்கே 'ஷ' ஒலிக்கு உரியது. ஒலி ஒத்த இடங்களில் ரோமன் எழுத்தின் குறியையே வைத்துக்கொண்டு, ஒவ்வாதவற்றுக்கு மீதியைக் கொடுப்பது ரஷ்யர்களின் வழி. ஜப்பானியர் அந்த வழியில் போகவில்லை. அவர்கள் தங்கள் பழைய எழுத்து வரிசையையே பெரும்பாலும் பின்பற்றிக் குறிகளை ஏற்றினார்கள். 'இ' என்பதற்கு ஆங்கில ஏ எழுத்தின் குறியும், 'ஹ' என்பதற்கு – · · · என்ற குறியும் போயின. அவர்களிடம் நமக்குப் பயன்படும் ஒரு யுக்தி உண்டு: 'க' என்பதை 'காந்தி'யின் முதலெழுத்தைப் போல அதிர்ந்து ஒலிக்கச் செய்ய எழுத்தின் தலையில் இடும் இரட்டைக் கீற்றை, அதற்கு முன் வரும் எழுத்திலிருந்து பிரித்து, · · என்று தனியே அனுப்புவார்கள். நாம் உயிர்மெய்யைப் பிரித்து அனுப்புவதும் அதே போக்குதான்.

என் கையில் கொடுத்தால் அகரத்துக்கு ஒற்றைப் புள்ளியைக் கொடுப்பேன். 'மரம்' என்ற சொல்லைப் பிரித்தால் ம், அ, ர், அ, ம் என்று அகரம் இரண்டு முறை வருகிறது. எழுதும்போது கண்ணுக்குத் தெரியாத அகரம் அனுப்பும்போது ஒவ்வொரு முறையும் கூலி கேட்கும். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் இ எழுத்துக்கு ஒரே புள்ளியைக் கொடுத்த சிக்கனமும் இதே காரணத்தால்தான்.

நிரல்நெசவாளர் (பதில்)

எழுத்துக்கூட்டியின் அட்டவணையை மறுக்கவில்லை. ஆனால் அதை நிரலாக எழுத முனைவோர் இரண்டு இடங்களில் தடுக்கி விழுவார்கள் என்பதால் குறுக்கிடுகிறேன். நானே விழுந்திருக்கிறேன்.

யூனிகோடில் 'க' என்பது தனி எழுத்து. அகரம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. 'க்' என்பது க, புள்ளி என்ற இரண்டு அடையாளம். 'கி' என்பதும் இரண்டு. ஆகவே நிரல் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் அடுத்து வருவதை எட்டிப் பார்க்க வேண்டும். புள்ளி வந்தால் மெய்யை மட்டும் அனுப்பு. உயிர்க்குறி வந்தால் மெய்யையும் அந்த உயிரையும் அனுப்பு. இரண்டும் வராவிட்டால் மெய்யோடு அகரத்தைச் சேர்த்து அனுப்பு. 'கொ' வகையில் கூடுதல் கவனம் வேண்டும். அதன் துணைக்குறிகளைச் சிலர் தட்டச்சு செய்யும்போது ஒரே அடையாளமாகவும் சிலரிடம் கொம்பு, கால் என்று இரண்டாகவும் பதிவாகின்றன. திரையில் வேறுபாடு தெரியாது. முதலில் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால் 'கொடு' என்பது 'கெ' என்று தொடங்கித் தடுமாறும்.

மறுதிசையில், வந்து சேரும் மெய்யின்மேல் அடுத்து வரும் உயிரை ஏற்ற வேண்டும். இங்கேதான் சொல் இடைவெளியின் ஏழு அலகு உயிர்நாடி. 'அவன் ஆடு மேய்த்தான்' என்று அனுப்பி, முதல் இரண்டு சொற்களுக்கு நடுவே இருந்த இடைவெளி ஏழிலிருந்து மூன்றாகக் குறைந்துவிட்டால், நிரல் ன் மேல் ஆவை ஏற்றி 'அவனாடு மேய்த்தான்' என்று எழுதிவிடும். பள்ளியில் படித்த புணர்ச்சி விதியை இயந்திரம் தானாகவே கற்றுக்கொண்டது போல இருக்கும். இலக்கணப்படி அது பிழையில்லை என்பது வேறு. அனுப்பியவர் எழுதியது அதுவன்று.

ஒரு சொல்லைத் துணியில் தைப்பதற்கு இவ்வளவும் தேவையா என்றால், தேவையில்லை. சொந்த அட்டவணையில் தைத்தால் நாற்பது ஆண்டு கழித்து அதைப் பார்ப்பவர் அட்டவணைக்கு எங்கே போவார்? ரோமன் எழுத்தே போதும் என்பது என் கருத்து.

எழுத்துக்கூட்டி (பதில்)

அட்டவணையைத் துணியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தால் போயிற்று.

நெய்தல் (கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமானதற்குப் பொறுத்தருள வேண்டும், பூதக்கண்ணாடி கிடைக்கவில்லை. கடைசியில் தெருமுனையில் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவரிடம் கயிற்றை எடுத்துச் சென்றேன். அவர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் குழிவில்லையை எனக்கே கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

ஐயா சொன்னது போலவே முடிச்சுகள் இருக்கின்றன. மெழுகு உருகி மூடியிருந்ததால் வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணிப் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாம் மணிக்கும் மூன்றாம் மணிக்கும் நடுவில் ஒன்று, நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒன்று, ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒன்று. மற்ற இடங்களில் மணிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. முடிச்சு வரும் இடத்தில் கோடு போட்டு எழுதினேன்:

· – / – – / – – / · –

அட்டவணையைப் பார்த்து ஏ, எம், எம், ஏ என்று நான்கு எழுத்தையும் எழுதி முடித்த பிறகும், அதைச் சொல்லாக வாசிக்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. கடிகாரக்காரர்தான் தாளை எட்டிப் பார்த்து, "அம்மான்னு எழுதியிருக்கீங்க" என்றார்.

தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். பொத்தான் பக்கத்திலிருந்து அதே முடிச்சுகளோடு படித்தால் என், எம், எம், என் என்று வருகிறது என்பதையும் சேர்த்தே சொன்னேன். நாய்க் கதையை அவன் திரும்பப் பெற்றுக்கொண்டான்.

தைப்பது பற்றி: அப்பா ரோமன் எழுத்தில் எழுதியிருப்பதால் நானும் அதையே பின்பற்றுகிறேன். ஒரு கட்டத்தை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிட்டேன். மேல்வரியில் 'அம்மா': 5, 7, 7, 5 கட்டங்கள், நடுவில் மூன்று கட்டம் வீதம் மூன்று இடைவெளி, ஆக 33. கீழ்வரியில் 'அப்பா': · – / · – – · / · – – · / · – என்பதற்கு 5, 11, 11, 5, இடைவெளி 9, ஆக 41. இரண்டு வரியையும் நடுவில் நிறுத்தினால் மேல்வரிக்கு இருபுறமும் நான்கு கட்டம் மிஞ்சும், எண்ணிக்கை ஒத்துவருகிறது. எழுத்துக்கூட்டி அவர்களின் அட்டவணையையும் விடவில்லை; ஆய்தம் வெளியே நிற்கும் அந்தக் கணக்கை என் மகள் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

ஸ்பார்க்ஸ் ஐயா, அன்று உங்கள் காதில் விழுந்ததும் இதுதானா? மேலும் ஒன்று. மகள் இதை ஒலியாக்கிக் கைபேசியின் மணியொலியாக வைத்துக்கொள்ள விரும்புகிறாள். எந்த வேகத்தில் ஒலிக்கச் செய்வது?

ஸ்பார்க்ஸ்_ஓய்வு (பதில்)

இதுவேதான், மகளே. டிடா, டாடா, டாடா, டிடா. நான் என் தாயாருக்கு அனுப்பிய செய்திகள் எல்லாமே இந்த ஒலியில்தான் தொடங்கின. அதனால் சட்டென்று விழுந்தது.

கப்பலில் நாங்கள் பழகிய வேகமான 20 சொல்லிலேயே வைக்கச் சொல்லுங்கள். உங்கள் 33 கட்டங்களை 60 மில்லி விநாடியால் பெருக்கினால் 1,980 வருகிறது. இரண்டு விநாடிக்கும் சற்றுக் குறைவு. ஒலியின் சுருதி 600 அல்லது 700 ஹெர்ட்ஸ் இருந்தால் காதுக்கு இதமாக இருக்கும். மணியொலி திரும்பத் திரும்ப ஒலிக்கும் என்பதால், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஏழு அலகு, அதாவது 420 மில்லி விநாடி, மௌனம் சேர்க்க மறக்க வேண்டாம். இடைவெளி குறைந்து ஒட்டிக்கொண்டால் கடைசி எழுத்தும் அடுத்த சுற்றின் முதல் எழுத்தும் சேர்ந்து · – · – என்று ஒலிக்கும். அது எழுத்துக்கூட்டி மேலே சொன்ன நான்கில் ஒன்று, ரஷ்யரின் 'யா'.